இரண்டாவது கேட்போரும் முதலாவது இல்லாதோரும்

கடல் கடந்து சென்று பொருளீட்டும் தமிழரின் வீடுகளில் இப்போது ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. சென்ற நாட்டின் குடியுரிமை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, பெற்றுக்கொள்வதா, வேண்டாமா? பெற்றுக்கொண்டால் பிறந்த நாட்டின் குடியுரிமை என்னாகும்? இரண்டையும் வைத்துக்கொள்ள இந்தியா ஏன் இடந்தர மறுக்கிறது? கேள்வி நியாயமானதே. அதனை எழுப்புவோரை எள்ளி நகையாடும் எண்ணம் நமக்கு இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைச் சுற்றி 'பண்பாடு' என்ற சொல்லைப் போர்த்தி வைத்திருக்கிறார்களே, அந்தப் போர்வையை விலக்கிப் பார்க்க வேண்டிய வேளை வந்துவிட்டது.

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டையைக் கடந்து ஸ்ரீபெரும்புதூரை நெருங்கும் இடத்தில் இருக்கிறது பென்னலூர். ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த வட்டாரம் அது. இன்று அவ்வூரில் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அதனைச் சுற்றிலும் ஆலைகள் இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் தென்கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனத்தின் முதல் கார் உருண்டது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் பின்லாந்து நாட்டு நோக்கியா கைப்பேசி செய்யத் தொடங்கியது. 2014-இல் கதவை அடைத்துச் சென்றது. 2010-இல் ஒரகடத்தில் ஜப்பானிய, பிரெஞ்சு நிறுவனங்கள் கூட்டாகக் கார் செய்யத் தொடங்கின. 2012-இல் ஜெர்மானிய நிறுவனத்தின் சரக்கு வண்டிகள் அங்கிருந்தே புறப்பட்டன.

ஆகவே பென்னலூர்ச் சாலை போவோருக்கும் வருவோருக்கும் பொதுச் சாலையாகிவிட்டது. பட்டம் பெற்ற தமிழ் இளைஞன் அச்சாலை வழியே விமான நிலையத்துக்குப் போகிறான். கொரிய நாட்டு மேலாளரும் ஜப்பானியப் பொறியாளரும் அதே சாலை வழியே ஆலைக்கு வருகின்றனர். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறிய தொழிலாளி தோளில் பையுடன் அதே சாலையோரம் இறங்குகிறான். குடியுரிமை என்றால் என்ன, பண்பாடு என்றால் என்ன என்று ஆராய இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் வேறெங்கே கிடைக்கும்?

முதலில், போகிறவரைப் பார்ப்போம். பென்னலூரில் படித்து முடித்து, கனடாவுக்கோ பிரிட்டனுக்கோ சென்று, பத்தாண்டு உழைத்து, அந்நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் ஒருவரை மனத்தில் கொள்வோம். அவர் கையில் ஒரு தராசு இருக்கிறது. ஒரு தட்டில் அங்குள்ளவற்றை வைக்கிறார்: வரிசையில் நிற்கும் பழக்கம், அலுவலகத்தில் கையூட்டு கேட்காத எழுத்தர், சாதி கேட்காத வீட்டுக்காரர். மறுதட்டில் இங்குள்ளவற்றை வைக்கிறார்: தாயின் முதுமை, தம் குழந்தை மறந்துவரும் தமிழ், பொங்கலன்று வெறிச்சோடிக் கிடக்கும் வாசல், சாவு வீட்டுக்கு உடனே வந்து நிற்கும் உறவு. முள் இப்பக்கமும் அப்பக்கமும் ஆடுகிறது. ஒரு நாள் உறுதிமொழி எடுக்கிறார். அன்றே, அவர் கேட்டாலும் கேளாவிட்டாலும், இந்தியக் குடியுரிமை அவரிடமிருந்து கழன்றுவிடுகிறது.

அரசியல் சட்டத்தின் 9-ஆவது உறுப்பு அதற்கு அடித்தளமிட்டது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு அதனை விதியாக்கியது. தானே விரும்பி அயல்நாட்டுக் குடியுரிமை பெறுபவர் இந்தியக் குடிமகனாக நீடிக்க முடியாது. 2011 முதல் 2022 வரை இவ்வாறு இந்தியக் குடியுரிமையைத் துறந்தோர் 16 இலட்சத்து 63 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் என்று பாராளுமன்றத்திலேயே கணக்குச் சொல்லப்பட்டது. 2022 என்ற ஓராண்டில் மட்டும் 2,25,620 பேர்.

இவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. 2003-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் 'கடல் கடந்த இந்தியக் குடிமகன்' என்றொரு அட்டையைப் படைத்தது. 2005-இல் அது மேலும் பல நாட்டாருக்கு விரிக்கப்பட்டது. அட்டை வைத்திருப்பவர் வாழ்நாள் முழுதும் விசா கேளாமல் வரலாம், தங்கலாம், வீடு வாங்கலாம், தொழில் நடத்தலாம். வாக்களிக்க முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, விளைநிலம் வாங்க முடியாது. பெயரிலே குடிமகன், உரிமையிலே நெடுநாள் விருந்தாளி! வந்து போகும் வசதி தந்தார்கள். ஆளும் உரிமையில் பங்கு தரவில்லை. இதனை இரட்டைக் குடியுரிமை என்று சிலர் மேடையில் முழங்குவது வேடிக்கை.

இந்த இடத்தில்தான் நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். அந்தத் தராசில் நிறுக்கப்பட்டது உண்மையில் பண்பாடுதானா? கையூட்டு கேட்காத எழுத்தர் என்பது வெள்ளையர் இரத்தத்தில் ஓடும் பண்பாடா, அல்லது போராடிப் பெற்ற நிர்வாக நெறியா? சாதி கேட்காத வீட்டுக்காரர் என்பது குளிர்நாட்டுக் காற்றின் குணமா, அல்லது கேட்டால் வழக்கு வரும் என்ற சட்டத்தின் குணமா? நம் நண்பர் பண்பாடு என்று பெயரிட்டு நிறுத்தவற்றில் பெரும்பகுதி உரிமை. இங்கே கிடைக்காத உரிமையை அங்கே கண்டார். அதனைப் பண்பாடு என்று அழைத்தார். இதில் அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பெயர் மாறிப்போனால் நியாயமும் மாறிப்போகும் என்பதை நாம் மறந்துவிடலாகாது. பண்பாடு வேறு என்று சொல்லிவிட்டால், 'அவர்கள் அப்படி, நாம் இப்படி' என்று கை விரித்துவிடலாம். உரிமை இல்லை என்று சொன்னால், 'ஏன் இல்லை?' என்று கேட்டாக வேண்டும்.

ஆட்சியாளர்களும் இதே தந்திரத்தைக் கையாளுகின்றனர். குடியுரிமை கேட்டு வருபவனிடம், 'எங்கள் பண்பாட்டோடு உன் பண்பாடு பொருந்துமா?' என்று கேட்கின்றனர். ஜெர்மனியில் 33 கேள்விகள்; 17-க்குச் சரியாக விடையளிக்க வேண்டும். பிரிட்டனில் 24 கேள்விகள். 18-க்கு விடை தெரிந்திருக்க வேண்டும். டென்மார்க்கில் 2019 முதல், குடியுரிமை வழங்கும் விழாவில் அதிகாரியோடு கைகுலுக்குவதே சட்டக் கட்டாயம் ஆயிற்று. கை கூப்பி வணங்குவது தமிழன் வழக்கம் என்று அங்கே சொல்லிப் பயனில்லை. சரி, ஒரு நாடு தன் மொழியையும் சட்டத்தையும் அறிந்துகொள் என்று கேட்பதில் தவறில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தத் தேர்வு எல்லோருக்கும் உண்டா?

மேற்கிந்தியத் தீவுகளில் செயின்ட் கிட்ஸ் என்ற சிறு நாடு 1984-லேயே பணம் கட்டுவோருக்குக் குடியுரிமை தரத் தொடங்கிவிட்டது. ஐரோப்பாவில் மால்டா பல ஆண்டுகள் அதே கடையை விரித்திருந்தது. 2025 ஏப்ரலில்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அது ஒன்றியச் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அங்கே கோடிகளோடு வந்தவனிடம் எந்தப் பண்பாட்டைக் கேட்டார்கள்? எந்த நாட்டுப்புறப் பாடலைப் பாடச் சொன்னார்கள்? உழைக்க வந்தவனுக்கு வினாத்தாள், பணம் கொணர்ந்தவனுக்குப் பற்றுச்சீட்டு! பண்பாட்டுத் தராசின் இலட்சணம் இதுதான்.

இனி, வருகிறவரைப் பார்ப்போம். பென்னலூருக்கு இருபுறமும் சாலையோரத்தில் கொரிய எழுத்திலும் ஜப்பானிய எழுத்திலும் பெயர்ப் பலகைகள் தொங்குகின்றன. அவர்கள் உண்ணும் உணவைச் சமைக்கும் உணவகங்கள் உண்டு. அவர்கள் தங்கும் விடுதிகள் உண்டு. நல்லது. விருந்தினரை வாழவைப்பது நம் மரபு. அவர்களும் வீட்டை விட்டு, மொழியை விட்டு, வெயிலில் வந்து வேலை செய்பவர்களே. தமிழ் கற்றுக்கொண்டாயா என்று அவர்களை யாரும் மிரட்டியதில்லை; மிரட்டவும் கூடாது. பண்பாடு எவ்வளவு வேறாயினும் இரண்டு சமூகங்கள் பக்கத்தில் பக்கத்தில் வாழ முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி. அரசுக்கு மனம் இருந்தால் சாலை வரும், மின்சாரம் வரும், வசதி வரும், பண்பாட்டு வேறுபாடு ஒரு தடையாகவே வராது என்பதற்கும் அவர்களே சாட்சி.

ஆனால் தொழிலாளி வாய் திறந்தபோது மட்டும் பண்பாடு குறுக்கே வந்து நின்றது! 2024 செப்டம்பர் 9-ஆம் நாள் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், 37 நாட்கள். சங்கத்தை ஏற்றுக்கொள், ஊதியத்தை உயர்த்து என்பவை அவர்களின் கோரிக்கைகள். 'கொரியர்களின் வேலைப் பண்பாடு வேறு, நம்மவர் அதற்குப் பழகவில்லை' என்று அறிவுரை சொல்லப் பலர் புறப்பட்டனர். அவர்கள் கொரியாவைப் பார்த்தார்களா? அதே 2024-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அதே நிறுவனத்தின் கொரியத் தொழிலாளர்கள் தம் தாய்நாட்டில் வேலைநிறுத்தம் செய்தனர். அதற்கு நான்காண்டுகள் முன்னே, 2020 மே மாதம், அந்நிறுவனத்தின் தலைமையில் இருந்த லீ ஜே யோங், சங்கமில்லா நிர்வாகம் என்ற பழைய கொள்கையை இனிப் பின்பற்றுவதில்லை என்று சொல்லி மக்கள்முன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். கொரியத் தொழிலாளியின் பண்பாடும் காஞ்சித் தொழிலாளியின் பண்பாடும் எங்கே வேறுபட்டன? உணவில் வேறுபட்டிருக்கலாம், உடையில் வேறுபட்டிருக்கலாம், சங்கம் வேண்டும் என்பதில் வேறுபடவில்லை. 2025 சனவரியில் இங்கே சங்கம் பதிவாயிற்று. எந்தப் பண்பாடும் அதனால் இடிந்து விழவில்லை.

மூன்றாமவரையும் பாருங்கள். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து, ஒரே அறையில் பலராகப் படுத்து, ஒப்பந்தக்காரரிடம் கூலி பெறும் தொழிலாளி. அவன் மொழி வேறு, சோறு வேறு, திருவிழா வேறு. அவன் இந்நாட்டுக் குடிமகனா என்று எவரும் ஐயுறுவதில்லை, ஐயுறவும் கூடாது. பண்பாடு இத்தனை வேறுபட்டும் குடியுரிமை ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு இந்தியா என்ற நாடே எடுத்துக்காட்டு.

கொரியரும் ஜப்பானியரும் வேறு பண்பாட்டோடு இங்கே வசதியாக வாழ்கின்றனர். பீகார்த் தொழிலாளி வேறு பண்பாட்டோடு இங்கே குடிமகனாக இருக்கிறான். அயல்நாடு சென்ற தமிழர் வேறு பண்பாட்டின் நடுவே குடியுரிமை பெறுகிறார். மூவருக்கும் பண்பாடு தடையாக இல்லை. அப்படியானால், பண்பாடு முழுவதும் ஒன்றாக இருந்தும், மொழி முழுவதும் ஒன்றாக இருந்தும், குடியுரிமை கிடைக்காத ஒருவர் இந்தத் தமிழ் மண்ணில் இருந்தால் அதற்கு என்ன பெயர் சூட்டுவது?

இருக்கிறார்கள், தோழர்களே! ஒருவரல்லர், இருவரல்லர். 1983 முதல் இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்தோரும் அவர்தம் மக்களும், மக்களின் மக்களும், தமிழ்நாட்டின் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் வாழ்கின்றனர். முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வாழ்வோர் மேலும் பல்லாயிரவர். அவர்களில் பலர் மலையகத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவழித் தமிழர். அதாவது, அவர்களுடைய பாட்டன் புறப்பட்ட ஊர் புதுக்கோட்டையிலோ திருச்சியிலோ இராமநாதபுரத்திலோ இருக்கிறது. அவர்கள் பேசுவது தமிழ். படிப்பது தமிழ்நாட்டுப் பள்ளியில். வேலைக்குப் போவது நம் ஊர்களில். ஆனால் வாக்கு இல்லை, கடவுச்சீட்டு இல்லை, அரசு வேலை இல்லை. நாற்பதாண்டு கழிந்தும் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர்!

இயல்பு முறையில் குடியுரிமை பெற விரும்புவோருக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில் தகுதிகளை வகுத்திருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் உள்ள மொழி. முகாமில் வாழ்பவருக்குப் பன்னிரண்டு ஆண்டு அல்ல, மூன்று பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. மொழியும் உண்டு, காலமும் உண்டு. ஆனால் 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் 'சட்டவிரோதமாகக் குடியேறியவர்' என்ற ஒரு சொல்லால் அவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டது. பயண ஆவணமின்றி வந்தவராம்! வீடு எரியும்போது ஓடி வந்தவன், எரியும் வீட்டுக்குள் திரும்பிப் போய்ச் சீட்டு எடுத்து வந்திருக்க வேண்டும் போலும்! கடல் கடந்தவருக்கு அட்டை தந்ததும் அதே 2003-ஆம் ஆண்டுத் திருத்தம். கடல் கடந்து வந்தவருக்குக் கதவை அடைத்ததும் அதே திருத்தம். ஒரே சட்டத்தின் இரு முகங்களைப் பாருங்கள்.

இங்கே பிறந்த குழந்தைகளின் நிலை என்ன? 1987 சூலை முதல் நாளுக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும் குடிமக்களே. அந்த விதியின்படி, 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவர் வழக்காடி, 2022-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் கடவுச்சீட்டுப் பெறும் உரிமையை நிலைநாட்டினார்; 2024 பாராளுமன்றத் தேர்தலில் திருச்சியில் வாக்களித்தார். சட்டத்திலே எழுதியிருந்த உரிமையைக் கைப்பற்ற அவருக்கு முப்பத்தெட்டு வயது ஆக வேண்டியிருந்தது. அதற்குப் பின் பிறந்தோருக்கு அந்த வழியும் இல்லை. 2004 டிசம்பர் 3-க்குப் பின் பிறந்த குழந்தையின் தந்தை இந்தியக் குடிமகனே ஆனாலும், தாய் ஆவணமின்றி வந்த அகதி என்றால் பிறப்பினால் குடியுரிமை இல்லை. தந்தையின் ஊரில் பிறந்து, தந்தையின் மொழி பேசி, தந்தையின் வீட்டில் வளரும் குழந்தை எந்த நாட்டுப் பிள்ளை? டெல்லியில் சட்டம் எழுதியவர்கள் விடை சொல்லட்டும்.

2019-இல் குடியுரிமைச் சட்டத்தை மீண்டும் திருத்தினார்கள். பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளை எழுதினார்கள். ஆறு மதங்களை எழுதினார்கள். இலங்கையை எழுதவில்லை. இஸ்லாமியரையும் எழுதவில்லை. துன்புற்று வந்தவருக்குத் தஞ்சம் என்றார்கள். துன்பத்தை அளப்பதற்கு வரைபடமும் மதப் பட்டியலும் எடுத்து வந்தார்கள். 2025 செப்டம்பரில் மைய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது: 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து விலக்கு. வரவேற்கிறோம். ஆனால் தண்டனை இல்லை என்பது ஒன்று. குடியுரிமை உண்டு என்பது வேறு. சிறைக் கதவு மூடப்படாது என்று சொன்னவர்கள் வீட்டுக் கதவைத் திறந்துவிடவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் என்று சொல்லும்போது 1991 மே 21-ஆம் நாளை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. இராசீவ் காந்தி கொல்லப்பட்ட மண் அது. அக்கொலையைக் கண்டிக்காத மனிதப் பண்புடையவர் இருக்க முடியாது. ஆனால் ஒரு குற்றத்தின் நிழல், குற்றத்தோடு எவ்வகையிலும் தொடர்பில்லாத பல்லாயிரம் குடும்பங்கள் மீது விழுந்தது. 1992 முதல் அவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியது. அன்று பிறந்திராத குழந்தைகளும் இன்று அந்த ஐயத்தைச் சுமக்கின்றனர். குற்றவாளியைத் தண்டிப்பது நீதி. மொழியைப் பார்த்து ஐயுறுவது நீதியாகாது.

இந்த அநீதி இன்று நேற்று முளைத்ததன்று. 1948-ஆம் ஆண்டில் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களைத் தம் வியர்வையால் வளர்த்த ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றனர். 1974-இல் அந்த எச்சத்தையும் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டனர். மூட்டை எண்ணுவது போல் மனிதரை எண்ணினர். தோட்டத்தில் கொழுந்து பறித்த தாயிடம், 'அம்மா, உனக்கு எந்த நாடு வேண்டும்?' என்று ஒப்பந்தத்துக்கு முன் எவரேனும் கேட்டனரா? இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர் அனைவருக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003-இல்தான் வந்தது. 55 ஆண்டுகள்!

அதே இலங்கையில் இன்னொரு காட்சி. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் பாராளுமன்றத்தில் அமரலாகாது என்று 2015-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2020-இல் அந்தத் தடையை நீக்கினார்கள். அமெரிக்கக் குடியுரிமையும் உடைய பசில் ராஜபக்ச 2021-இல் பாராளுமன்றம் புகுந்து நிதி அமைச்சரானார். நாடு கடனில் மூழ்கிய பின், 2022-இல் மறுபடியும் தடை போட்டார்கள். ஆளும் குடும்பத்தின் இரண்டாவது குடியுரிமைக்காக அரசியல் சட்டமே வளைந்து கொடுத்த நாட்டில், தோட்டத் தொழிலாளியின் முதல் குடியுரிமைக்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. இதைவிடத் தெளிவாக வேறென்ன சொல்ல வேண்டும்?

இனி, மறுப்போர் வாதங்களுக்கு வருவோம். 'இரண்டு நாட்டுக்கு ஒருவன் எப்படி உண்மையாக இருப்பான்? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் அல்லவா?' என்பர் சிலர். தாய்வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் உண்மையாக இருக்கும் பெண்களைத் தினமும் பார்த்துக்கொண்டே இப்படிக் கேட்கிறார்கள்! கனடா 1977 முதல் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. நெடுங்காலம் மறுத்து வந்த ஜெர்மனியும் 2024 சூனில் ஏற்றுக்கொண்டது. அந்நாடுகள் எவையும் அதனால் சிதறிப் போய்விடவில்லை. ஆகவே இரட்டைக் குடியுரிமை கேட்கும் தமிழரை நாம் எதிர்க்கவில்லை. அதனைப் பாராளுமன்றம் அஞ்சாமல் விவாதிக்கட்டும். வாக்குரிமைக்கும் வரிக்கும் உரிய விதிகளை வகுக்கட்டும். நாம் சொல்வது வரிசையைப் பற்றி. ஒன்று வைத்திருப்பவர் இரண்டாவது கேட்கும்போது, ஒன்றும் இல்லாதவர் பின்னால் நிற்கிறாரே, அவரை முன்னே விடுங்கள் என்கிறோம்.

'முகாமில் உள்ளோருக்கு அரிசி தருகிறோம், உதவித்தொகை தருகிறோம், வீடு கட்டித் தருகிறோம், இன்னும் என்ன?' என்பர் வேறு சிலர். 2021-இல் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய்க்கு நலத்திட்டம் அறிவித்ததும், அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியதும் நல்ல செயல்கள். ஆயினும் பெயர் மாறியதால் உரிமை பிறந்துவிடாது. இன்று அரிசி போடும் கை நாளை மறுத்தால், கேட்பதற்கு அவனிடம் வாக்கு வேண்டாமா?

மூன்றாவது வாதம் கனமானது. அதனை மதித்தே விடை சொல்ல வேண்டும். 'இவர்கள் இங்கே குடிமக்களாகிவிட்டால், ஈழத்தில் தமிழரின் எண்ணிக்கை குறையும். அவர்களுடைய நிலமும் உரிமையும் பறிபோகும்' என்று அக்கரையிலும் இக்கரையிலும் கவலைப்படுவோர் உளர். உண்மைதான். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் நிலம் இருக்கிறது. பெற்றோரின் கல்லறை இருக்கிறது. இங்கே பிள்ளைகளின் படிப்பும் பிழைப்பும் இருக்கின்றன. இலங்கைச் சட்டம் இரட்டைக் குடியுரிமைக்கு இடந்தருகிறது; இந்தியச் சட்டம் தருவதில்லை. இங்கே குடிமகனாக வேண்டுமெனில் அங்குள்ளதைத் துறக்க வேண்டும். ஆகவே, தோழர்களே, இரண்டாம் குடியுரிமை எனும் கேள்வி உண்மையான கனத்தோடு எழும் இடம் வெளிநாட்டு அடுக்குமாடி வீடு மட்டுமன்று. பத்தடிக்குப் பத்தடி முகாம் வீடும் அதுவே. திரும்பிப் போக விரும்புவோர் மானத்தோடு போகட்டும். அவர்தம் நிலம் மீட்டுத் தரப்படட்டும். இங்கே இருக்க விரும்புவோர் குடிமக்களாக இருக்கட்டும். எதைத் தேர்வது என்பதை 1964-இல் போல இரண்டு பிரதமர்கள் எண்ணித் தீர்க்க வேண்டாம். அவர்களே தீர்க்கட்டும்.

கோரிக்கை மூன்றே. சட்டவிரோதக் குடியேறிகள் என்ற முத்திரையை இலங்கைத் தமிழ் அகதிகள் மீதிருந்து பாராளுமன்றம் நீக்க வேண்டும். இந்த மண்ணில் பிறந்த அவர்தம் பிள்ளைகளுக்குப் பிறப்பினாலேயே குடியுரிமை வழங்க வேண்டும். இரட்டைக் குடியுரிமையைப் பற்றிச் சட்டம் வருமாயின், அது டாலர் வைத்திருப்போருக்கு மட்டும் திறக்கும் கதவாக இல்லாமல், முகாமில் இருப்போருக்கும் திறக்க வேண்டும்.

அயல்நாட்டில் வாழும் நம் தமிழரையும் இந்தப் போராட்டத்துக்கு அழைக்கிறோம். அந்நியரிடையே வாழ்ந்து, விண்ணப்பம் எழுதி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, ஒரு நாள் 'நீயும் எங்களவன்' என்ற சொல்லைக் கேட்டபோது நெஞ்சு நிறைந்ததை நீங்கள் அறிவீர்கள். அந்தச் சொல்லைத் தம் சொந்த மொழி பேசும் மண்ணில் கேட்பதற்கு நாற்பதாண்டாகக் காத்திருப்போரின் நெஞ்சு எப்படியிருக்கும் என்பதும் உங்களுக்கே மற்றவரைவிட நன்றாகத் தெரியும். உங்கள் சங்கங்களின் தீர்மானங்களில் உங்கள் கோரிக்கைக்கு மேலே அவர்கள் கோரிக்கையை எழுதுங்கள்.

தோழர்களே! உங்கள் வட்டத்தில் ஒரு முகாம் இருக்கும். போய்ப் பாருங்கள். யார் 1987 சூலைக்கு முன் இங்கே பிறந்தவர், யாரிடம் பிறப்புச் சான்று இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கேட்டு எழுதுங்கள். அப்படிப் பிறந்தவருக்கு உரிமை இருக்கிறது. அதை எடுத்துக் கொடுக்க வழக்கறிஞரும் தோழரும்தான் வேண்டும். சட்டம் மாறும்வரை காத்திராமல் இன்றே செய்யக்கூடிய வேலை இது. அந்தக் கணக்கோடு வரும் கூட்டத்துக்கு வாருங்கள். பேச வேண்டியதை அங்கே பேசுவோம்.